எம்.எஸ். பாட்டுப் பெட்டி: சுப்ரபாதம் நன்றாக வருகிறது, மற்றதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்

பெரியம்மாவுக்கு எண்பது முடிந்தது. புடவை எடுக்காதே, பீரோவில் இருப்பதையே கட்டித் தீர்க்க முடியவில்லை என்று முன்கூட்டியே உத்தரவு போட்டுவிட்டார். இனிப்பும் ஆகாது, சர்க்கரை இருக்கிறது. அதனால் இரண்டு மாதத்துக்கு முன்பு ஆன்லைனில் தேடி ஒரு பாட்டுப் பெட்டி வாங்கினேன். எம்.எஸ். சுப்புலட்சுமி பாட்டு மட்டுமே முந்நூறுக்கு மேல் உள்ளே ஏற்றி வைத்து விற்கிறார்கள், விலை 2,490 ரூபாய். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க எனக்குத் தெம்பு இல்லை. இந்த மாதிரி ஒன்றை வாங்கும்போது எதையெல்லாம் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வெளித்தோற்றம். பழைய டிரான்சிஸ்டர் சாயல், மேலே ஒரு கைப்பிடி, முன்னால் துணி போர்த்திய ஸ்பீக்கர், பக்கத்தில் பென்டிரைவ் செருக ஒரு ஓட்டை, அதற்கு ரப்பர் மூடி. பொத்தான்கள் பெரிது, கண்ணாடி போடாமலே பெரியம்மாவால் அழுத்த முடிகிறது, இதற்குத் தனியாக ஒரு சபாஷ். சத்தம் பாதி அளவு வரைக்கும் குரல் சுத்தமாக இருக்கிறது, அதற்கு மேல் திருகினால் மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி அதிர்கிறது. பேட்டரி எட்டு மணி நேரம் நிற்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது, எங்கள் வீட்டில் ஐந்தைத் தாண்டவில்லை. பரவாயில்லை, பெரியம்மா எப்படியும் அதைச் சார்ஜரில் போட்டபடியேதான் வைத்திருக்கிறார், சுவிட்சை அணைத்தால் மறுபடி குனிய வேண்டுமாம்.

என் சண்டை இதைப் பற்றியெல்லாம் இல்லை, உள்ளே பாட்டை அடுக்கி வைத்திருக்கும் லட்சணத்தைப் பற்றி.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒருவருடைய பாட்டைக் கேட்பதென்றால் வருஷ வரிசையில் கேட்க வேண்டும். எம்.எஸ். விஷயத்தில் அது வெறும் கிறுக்கு இல்லை, தேவையே என்பேன். 1938-லிருந்து 1947 வரை சினிமாவில் நடித்தார். தமிழில் நாலு படம், அதில் கடைசிப் படத்தின் இந்திப் பதிப்பையும் சேர்த்தால் ஐந்து. அப்புறம் ஒரேயடியாக நடிப்பை விட்டுவிட்டு, கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் பாட்டு மட்டும்தான். முப்பதைத் தாண்டிய வயதில், வட இந்தியாவிலும் பேர் தெரிந்த நட்சத்திரமாக இருந்தபோது விட்டார். வாய்ப்பு வற்றிப்போய் விலகியவர் கதை இல்லை இது. அந்த இடத்தில் குரலுக்கு என்ன ஆகிறது என்று கேட்கத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன் (சரி, பெரியம்மாவுக்காகவும்தான்).

பெட்டியில் மூன்றே பிரிவு: "பக்தி", "கச்சேரி", "பழைய திரைப்பாடல்கள்". எந்தப் பாட்டுக்கும் வருஷம் கிடையாது, ராகம் கிடையாது, இசையமைத்தவர் பேர் கிடையாது. கூடவே வந்த சின்னப் புத்தகத்தில் பாட்டின் முதல் வரி மட்டும் எறும்பு எழுத்தில் இருக்கிறது. சரி, போகட்டும் என்று மூன்றாம் பிரிவைத் தட்டினால் நாலாவதாக வருவது "குறை ஒன்றும் இல்லை". எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது ராஜாஜி எழுதியது, சிவரஞ்சனியில் தொடங்கி காபி, சிந்துபைரவி என்று ராகமாலிகையாகப் போகும், எம்.எஸ். சினிமாவை விட்டு எத்தனையோ வருஷம் கழித்து மேடையில் பாடியது. தமிழில் இருக்கிறது, மனசை உருக்குகிறது, ஆகவே சினிமாப் பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு தம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிவு செய்திருக்கிறார். அதே பிரிவில் "சகுந்தலை" படத்து டூயட் ஒன்று "மீரா" என்று பட்டியலில் ஏறியிருக்கிறது, கூடப் பாடிய ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பேரையே காணோம்.

அந்த டூயட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1940-ல் வந்த படம், எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்தது. அவர் அமெரிக்கர், தமிழ் தெரியாது, தெரியாமலே நம் ஊரில் அத்தனை படம் எடுத்தார். துஷ்யந்தனாக ஜி.என்.பி., சகுந்தலையாக எம்.எஸ். இரண்டு பேருமே கச்சேரி மேடையிலிருந்து படத்துக்குப் போனவர்கள். இன்றைக்கு நடிப்பை விட்டு முழு நேரம் பாடப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், புதுசாக ஏதோ துணிச்சல் செய்கிறார் என்று படுகிறது. அன்றைக்கு நடந்தது வேறு. பேசும் படம் வந்த புதிதில் பின்னணிப் பாட்டு என்ற வசதி கிடையாது. கேமரா முன்னால் நிற்பவரே அங்கேயே பாட வேண்டும், ஒரு படத்தில் முப்பது நாற்பது பாட்டு இருக்கும். ஆக, பாடத் தெரிந்தவரைப் பிடித்து வந்து நடிக்க வைப்பதுதான் ஒரே வழி. அப்படித்தான் முசிறி சுப்பிரமணிய அய்யர் துக்காராம் ஆனார். மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர், கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 1935-ம் வருஷத்துப் படத்தில் வேதியராக வந்தார். அந்தப் படத்துக்கு சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பார்கள், அந்தக் காலத்து ஒரு லட்சம்! 1940-களில் பின்னணிக் குரல் மெல்ல மெல்ல வழக்கமானதும் இந்தத் தேவையே போய்விட்டது. முகம் ஒருவர், குரல் ஒருவர். வித்வான்கள் ஒவ்வொருவராக மேடைக்குத் திரும்பினார்கள். ஜி.என்.பி. 1958-லும் எம்.எஸ். 1968-லும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார்கள். துஷ்யந்தனுக்குப் பத்து வருஷம் கழித்துச் சகுந்தலைக்கு. அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் பெண்மணி அவர்தான்.

மற்றவர்களைப் போலத்தான் எம்.எஸ்.ஸும் என்று சொல்லிவிட முடியாது. சினிமா வேண்டாம் என்று தள்ளிவிடவில்லை அவரை, இன்னும் உள்ளேதான் இழுத்துக்கொண்டிருந்தது. வரிசையாகப் பாருங்கள். 1938-ல் கே. சுப்ரமணியம் இயக்கிய "சேவாசதனம்", பிரேம்சந்த் நாவலைத் தழுவியது, கிழவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணின் கதை. மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்து வளர்ந்தவர், 1936-ல் சென்னைக்கு வந்தவர், இரண்டே வருஷத்தில் திரையில். 1940-ல் "சகுந்தலை", அதே வருஷம் சதாசிவத்துடன் கல்யாணம். 1941-ல் "சாவித்திரி", அதில் இவர் சாவித்திரி இல்லை, நாரதர்! ஆண் வேஷம் கட்டி நடித்தார். கல்கி பத்திரிகை தொடங்கப் பணம் வேண்டியிருந்தது, அந்தப் படத்துச் சம்பளம் அதற்குப் போனது. கடைசியாக "மீரா", 1945 தீபாவளிக்கு வந்தது. மறுபடி டங்கன்தான். எம்.எஸ்.ஸின் தலையைப் பிளாஸ்டரில் வார்த்து வைத்துக்கொண்டு, எந்தக் கோணத்தில் விளக்குப் போட்டால் முகம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்களாம். படப்பிடிப்புக்கு உதய்ப்பூர் வரைக்கும் போனார்கள். இந்தி மீரா 1947-ல் வந்தபோது ஆரம்பத்தில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி அறிமுகம் செய்தார். இதற்கு மேல் ஒரு நடிகைக்கு என்ன வேண்டும்? அதோடு சரி, அப்புறம் படமே இல்லை.

ஏன் என்று பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. வீட்டில் முடிவுகளை எடுத்தவர் சதாசிவம் என்பது ஊரறிந்தது. சினிமாவுக்குப் போனதிலும் விட்டதிலும் அவர் கை உண்டு. எம்.எஸ். தன் வாயால் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை, பாடினார். அதனால்தான் பாட்டை வரிசையில் கேட்க வேண்டும் என்று அடித்துக்கொள்கிறேன்.

பெட்டி இதை எவ்வளவு தூரம் கெடுக்கிறது என்றால், எப்போது போட்டாலும் கலைத்துப் போடும் முறையில்தான் விழித்துக்கொள்கிறது. 1938-க்குப் பக்கத்தில் எண்பதுகள் வருகிறது. மூன்றே நிமிஷத்தில் முடிகிற படப்பாட்டை அடுத்து இருபது நிமிஷ ஸ்தோத்திரம். சத்தத்தின் அளவையும் சமன் செய்யவில்லை, பழைய இசைத்தட்டுப் பாட்டு மெதுவாக ஒலிக்கிறது என்று கூட்டி வைத்தால் அடுத்தது வீட்டைத் தூக்குகிறது, பக்கத்து வீட்டு நாய் குலைக்கிறது. ரிமோட்டில் கலைக்கும் முறையை அணைக்கலாம், ஆனால் மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் மறுபடி பழைய குருடி கதவைத் திறடிதான்.

இன்னொரு குறை, இது பெரியது. பழைய பதிவுகளைச் "சுத்தம்" செய்திருக்கிறார்கள். இசைத்தட்டின் கரகரப்பை எடுக்கிறேன் என்று குரலின் மேல் ஓரத்தையும் சேர்த்துச் சீவிவிட்டார்கள். என்னிடம் "மீரா" பாட்டுகளின் பழைய கேசட் ஒன்று இருக்கிறது, கரகரவென்றுதான் இருக்கும், ஆனால் "காற்றினிலே வரும் கீதம்" என்று அந்தக் குரல் மேலே போகும்போது ஒரு கூர்மை தெரியும். பெட்டியில் அதே இடம் வெந்நீரில் அலசிய பட்டு மாதிரி இருக்கிறது. பளபளப்பும் இல்லை, மொடமொடப்பும் இல்லை. கல்கி எழுதி, எஸ்.வி. வெங்கட்ராமன் இசையமைத்த பாட்டு, இரண்டு பேரின் பேரும் பெட்டியில் எங்கேயும் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷம் காத்திருந்த பிறகு ஒரு பெண் எடுத்தார், பொறுமையாகத்தான் பேசினார். தலைப்புகள் தப்பாக இருக்கின்றன, வருஷம் போடவில்லை, பஜகோவிந்தத்துக்கு முன்னால் ராஜாஜி ஆங்கிலத்தில் பேசும் முன்னுரையை வெட்டிவிட்டீர்கள் என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சார், சுப்ரபாதம் வருதுல்ல சார்?" என்றார். வருகிறது என்றேன். "அப்ப பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு." புகார் எண் ஒன்று கொடுத்தார், அதற்குப் பிறகு சத்தமில்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, அவர் சொன்னதுதான் இந்தப் பெட்டியின் வியாபார ரகசியமே. 1963-ல் பதிவான அந்த வேங்கடேச சுப்ரபாதத்துக்காகத்தான் முக்கால்வாசிப் பேர் இதை வாங்குகிறார்கள், அது மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது. காலையில் போட்டால் தெருவே திருப்பதி ஆகிறது. விஷ்ணு சகஸ்ரநாமமும் அப்படித்தான், அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளும் நன்றாக இருக்கின்றன. "பக்தி" பிரிவுக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நாலு நட்சத்திரம் கொடுப்பேன்.

ஆனால் இப்படி அடுக்கியதில் ஒரு ஆள் காணாமல் போகிறார். பட்டுப்புடவை, வைரத்தோடு, நெற்றியில் குங்குமம், கண்மூடிக் கைகூப்பிய படம், பெட்டியின் முகப்பிலும் அதுதான். நாரதர் வேஷம் போட்டவரும், ஜி.என்.பி.யோடு காதல் டூயட் பாடியவரும், முப்பது வயது ஆகும் முன்பே ராஜஸ்தான் வெயிலில் தம்புராவோடு நடந்தவரும் "பழைய திரைப்பாடல்கள்" என்ற மூலையில், அதுவும் தப்பான தலைப்போடு. அந்த ஒன்பது வருஷத்தை எம்.எஸ். துடைத்து எறிந்துவிட்டு மேடைக்குப் போனார் என்று பெட்டியைக் கேட்பவர் நினைத்துக்கொள்வார்.

நான் கேட்டது அப்படி இல்லை. விடுமுறையில் நாலு நாள் உட்கார்ந்து, என்னிடம் இருந்த சிடிக்கள், கேசட்டுகள் எல்லாவற்றையும் தூசி தட்டி, வருஷ வரிசையில் ஒரு பென்டிரைவில் ஏற்றினேன். 1938-லிருந்து ஆரம்பம். "சேவாசதனம்" பாட்டில் குரல் எடுத்த எடுப்பிலேயே மேலே பறக்கிறது, சின்ன வயசு, நிறுத்தத் தெரியாத வேகம். "மீரா"வுக்கு வரும்போது அது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. படத்துப் பாட்டுக்குக் கிடைப்பது மூன்று நிமிஷம், பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் கொள்ளும். அதற்குள் பல்லவி முதல் கடைசி வரை முடித்து, வார்த்தையும் டிக்கெட் வாங்கிய கடைசி ஆளுக்குப் புரிய வேண்டும். அந்தப் பழக்கம் அப்புறம் போகவே இல்லை என்று எனக்குப் படுகிறது. அறுபதுகளின் கச்சேரியில் அரை மணி நேரம் சங்கராபரணம் பாடும்போதும் ஒரு சொல்லைக் கூட மென்று விழுங்குவது கிடையாது, தெலுங்கோ சமஸ்கிருதமோ எதுவாக இருந்தாலும் எழுத்தெழுத்தாகக் காதில் விழுகிறது. இது வித்வான் செம்மங்குடியிடம் பாடம் கேட்டதால், குரு வழியாக வந்த பாடாந்தரத்தால் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். சினிமாவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நான் வாதாடுவேன்.

மீராவையும் அவர் விட்டுவிடவில்லை. படம் போன பிறகும் மீரா பஜன் கூடவே வந்தது, கச்சேரியின் கடைசிப் பகுதியில் சபையே அதற்காகக் காத்திருக்கும். காந்திக்காக 1947-ல் பாடிப் பதிவு செய்து தில்லிக்கு அனுப்பிய "ஹரி தும் ஹரோ"வும் மீரா பஜன்தான். மறு வருஷம் ஜனவரியில் அவர் சுடப்பட்ட பிறகு வானொலியில் ஒலித்ததும் அதுதான். 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் போய்ப் பாடியபோது காஞ்சிப் பெரியவர் எழுதிய "மைத்ரீம் பஜத" இருந்தது, ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாட்டு கூட இருந்தது. மொழி தெரியாத கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் அதைத் தன் பக்கம் இழுப்பது கச்சேரி மேடையில் மட்டும் கற்றுக்கொண்ட வித்தையா? ஊர் ஊராக டாக்கீஸில் தன் முகத்தைப் பார்த்த ஜனத்தை அறிந்தவருக்கு அது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பெரியம்மா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பிறந்த வருஷமும் "மீரா" வந்த வருஷமும் ஒன்று. பத்து வயசில் டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தாராம். "ஏப்பா, அதுல எம்.ஜி.ஆரும் வருவாரு, சின்ன வேஷம், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன், உண்மைதான், வருவார். பெட்டியில் "மீரா" பாட்டு வந்தபோது ஒரு நிமிஷம் கேட்டார். "குரல் இதுதான், ஆனா இது இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார். சுத்தம் செய்ததைப் பற்றி நான் மேலே ஒரு பத்தி எழுதினேன், அவருக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

சரி, வாங்கலாமா? வீட்டில் பெரியவர்களுக்குக் காலையில் சுப்ரபாதமும் சாயந்தரம் சகஸ்ரநாமமும் போதும் என்றால் வாங்குங்கள், பொத்தான் பெரிது, கைக்கு அடக்கம், பணத்துக்கு மோசமில்லை. தள்ளுபடி நாளில் 2,000-க்குள் கிடைத்தால் இன்னும் நல்லது. எம்.எஸ்.ஸை முழுசாகக் கேட்க வேண்டும், படத்திலிருந்து மேடைக்கு வந்த வழியைக் காதால் நடக்க வேண்டும் என்றால் இதை நம்பாதீர்கள். பெட்டியை ஸ்பீக்கராக மட்டும் வைத்துக்கொண்டு பாட்டை நீங்களே சேர்த்துப் பென்டிரைவில் போடுங்கள். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று, அந்த மூன்றில் ஒன்று பொத்தான்களுக்கு.

ஒரு எச்சரிக்கை. பென்டிரைவ் ஓட்டையின் ரப்பர் மூடி எங்களுக்கு ஒன்பதாம் நாளே கையோடு வந்துவிட்டது, தனியாக விற்பதும் இல்லை. பெரியம்மா அந்த ஓட்டையில் மருந்துப் பாட்டில் பஞ்சைத் திணித்து வைத்திருக்கிறார். சாயந்தரம் ஆறு மணிக்கு அவரே பஞ்சை எடுத்துவிட்டு என் பென்டிரைவைச் செருகுகிறார், 1945 வந்ததும் ஆட்டுக்கல் சத்தம் நிற்கிறது என்று அண்ணி போனில் சொன்னார்.